தேரைத் திருப்பிய சாரதி

கழக்கூட்டத்துக்குச் சமீபத்திலுள்ள செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீநாராயண குரு, துறவு பூணுமுன் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நாட்களில் 'நாணு ஆசான்' என்றே அழைக்கப்பட்டார். அங்கிருந்து வடக்கே தோன்னய்க்கலில் வாழ்ந்த மகாகவி குமாரனாசானுக்கோ அப்பட்டமே பெயராகிவிட்டது. களரியில் வாள் பிடிக்கக் கற்பிப்பவரும் ஆசான்தான். இத்துணை கனமுள்ள சொல்லை, 1977ல் யூகோஸ்லாவியாவின் உஷித்சே நகரில் பிறந்து, பெல்கிரேடின் ரெட் ஸ்டார் முதலிய அணிகளில் பந்தாடி, பிறகு பெல்ஜியத்திலும் ஸ்லோவாக்கியாவிலும் பயிற்சியாளராகப் பணிபுரிந்து, 2021ல் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணிக்கு வந்துசேர்ந்த இவான் வுகோமனோவிச்சுக்கு, மலையாளத்து ரசிகர்கள் மனமுவந்து சூட்டினார்கள். கொள்ளைநோயின் பொருட்டு அப்பருவம் முழுவதும் கோவாவிலேயே நடந்தபடியால், அவர்களில் பெரும்பாலோர் அவரை மைதானத்தில் தரிசித்ததுகூட இல்லை. ஏகலைவன் கதை வழங்கும் நாட்டில் இது ஓர் அதிசயமன்று. 2022 மார்ச் 20 அன்று அப்பருவத்தின் இறுதியாட்டத்தில் ஹைதராபாத்திடம் பெனால்டி உதைகளில் தோற்றபோதும் அந்தப் பட்டம் குறையவில்லை.

சோதனை மறு ஆண்டில் வந்தது. 2023 மார்ச் 3, பெங்களூர் கண்டீரவா மைதானம். கூடுதல் நேரம் தொடங்கிச் சில நிமிஷங்களே ஆகியிருந்தன. பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்புச் சுவரை ஒழுங்கு செய்துகொண்டிருக்கையில், பெங்களூர் அணியின் சுநில் சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று உதைத்துப் பந்தை வலைக்குள் செலுத்தினார். விரைந்து உதைக்க விரும்புகிறவன் ஊதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நடுவர் சுவரின் தூரத்தை அளக்கத் தொடங்கிவிட்டாலோ காத்திருக்க வேண்டும். நடந்தது எது என்பதே வழக்கு. நடுவர் கோலை ஒப்புக்கொண்டார். வுகோமனோவிச் தம் வீரர்களை அழைத்துக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறினார்.

சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தூக்க இறங்கிய கர்ணன், சற்றுப் பொறு என்று தர்மத்தின் பேரால் கேட்ட காட்சி நம்மில் யாருக்குத்தான் நினைவு வராது? ஆனால் எனக்கு அதைக் காட்டிலும் உறுத்துவது, குருக்ஷேத்திரத்தில் வில்லை நழுவவிட்டவன் சீடன், அவனைப் போரில் நிறுத்தியவன் சாரதி; இங்கோ சாரதியே தேரைத் திருப்பினான் என்பதுதான். தனக்கு வரவேண்டிய பலனைத் துறக்கக் குருவுக்கு உரிமை உண்டு. சீடன் செய்ய வேண்டிய கர்மத்தையும் சேர்த்துத் துறக்க அவருக்கு உரிமை உண்டா? இருபது நிமிஷத்துக்கு மேல் ஆட்டம் மீதியிருந்தது. ஒரு கோலைத் திருப்பிப் போட அது தாராளம். அவருடைய கோபம் சத்தியமானது என்றே நம்புகிறேன். அந்தக் கோபத்தைப் பதினோரு பேரின் தர்மமாக்கியதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. அநியாயம் நடந்த களத்திலேயே நின்று ஆடித் தோற்கவும் ஒருவன் கற்பிக்கப்பட வேண்டியவன் அல்லவா?

சீடன் செய்த பிழை குருவைச் சேரும் என்பது பழைய சாஸ்திரம். இங்கே பிழை குருவினுடையதாகையால் கணக்கு நேராகவே தீர்ந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அணிக்கு நான்கு கோடி ரூபாய் அபராதமும், அவருக்குப் பத்து ஆட்டங்களின் தடையும் விதித்தது. அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்தத் தடை நீங்குமுன்பே, 2023 செப்டம்பர் 21 அன்று, கொச்சியில் அதே பெங்களூர் அணியை அவருடைய சீடர்கள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார்கள். சாரதியின் பீடம் அன்று காலியாக இருந்தது.