ஏமாற்றியவர் யார்?

'ஏமாற்றம்' என்ற சொல்லில் ஒரு விஷமம் இருக்கிறது. எதிர்பார்த்தது கிடைக்காமற் போனாலும் ஏமாற்றம். ஒருவன் நம்மை வஞ்சித்தாலும் ஏமாற்றம். மழை வரும் என்று நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடியானவனும் ஏமாந்தவன்தான். சீட்டு நடத்தியவன் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடிய பிறகு அவன் வீட்டுப் பூட்டைப் பார்த்து நிற்கிறவனும் ஏமாந்தவன்தான். முன்னவனுடைய கஷ்டத்தில் குற்றவாளி எவனும் இல்லை. ஆனாலும் சொல் ஒன்றாக இருப்பதால் மனம் சும்மா இருப்பதில்லை. ஏமாந்தவன் ஒருவன் இருந்தால் ஏமாற்றியவனும் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்று தேடப் புறப்பட்டுவிடுகிறது.

ஒரு கலைஞனிடம் பல ஆண்டுகளாகப் பிரியம் வைத்த ரசிகன், அவனுடைய புதிய படைப்பைக் கேட்டுவிட்டு முகம் வாடுகிறானே, அந்த ஏமாற்றம் இவ்விரண்டில் எந்த வகை?

2012 செப்டம்பரில் 'நீதானே என் பொன்வசந்தம்' படத்தின் பாடல்கள் வெளிவந்தன. இளையராஜாவுக்கு அப்போது வயது 69. 'அன்னக்கிளி' வந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தின் பெயரே, 1982-ல் 'நினைவெல்லாம் நித்யா'வுக்காக அவர் இசையமைத்த பாட்டு ஒன்றிலிருந்து எடுத்ததுதான். முப்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டைக் கையில் கொடுத்துவிட்டு, 'இதோ புதியது, கேளுங்கள்' என்றால் எந்த ரசிகன்தான் ஒப்பிடாமல் இருப்பான்? ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். எங்கள் தாராபுரத்து டீக்கடைகளிலும் இரண்டு கட்சியும் இருந்தது. ஒரு கட்சி மெய்சிலிர்த்தது. மற்றது, "ராஜா ஏமாற்றிவிட்டார்" என்றது.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பாடல்களில் 'வானம் மெல்ல' ஒன்றுதான் என்னோடு வீட்டுக்கு வந்தது. அவருடைய பழைய பாட்டுகளில் அடியில் ஓடும் பேஸ் கிடார் இருக்கிறதே, அது பாடகனுக்குப் பின்னால் நடக்கிற வேலைக்காரனல்ல. தானே ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு வருகிற தோழன். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இசை, எங்கோ போகிறது போலப் போக்குக் காட்டிவிட்டு, வந்து சேர வேண்டிய வாசலில் சரியாக வந்து நிற்கும். அந்தத் தோழனையும் அந்த வாசலையும் நான் இதில் அதிகம் காணவில்லை. வாத்தியங்கள் நிறைய இருந்தன. மனிதர்கள் நிறைந்த கல்யாண வீட்டில் தெரிந்த முகம் தென்படாதது போல. ('புடிக்கல மாமு' என்று ஒரு பாட்டுக்குப் பெயர். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வேறு கோஷமே தேவைப்படவில்லை!)

எனக்குத் தெரிந்த கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தாராபுரத்திலிருந்து திருப்பூருக்குப் பஸ்ஸில் போய், பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு திரும்புகிறவர். அந்தப் பஸ்ஸில்தான் எங்கள் பழக்கம். சனிக்கிழமைச் சம்பளத்தில் அந்த இசைத்தட்டை வாங்கினார். பத்து நாள் கேட்டார். கம்பெனியில் பையன்கள், "உங்க ராஜா எப்படிங்ண்ணா?" என்று சீண்டியபோது, "முதல் தரம்டா" என்றாராம். ஆனால் பஸ்ஸில் அவர் காதுக்குள் ஓடியதெல்லாம் பழைய பாட்டுகளே. நான் கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு ஒட்டலீங் தம்பி. ஆனா அதை அந்தப் பசங்ககிட்டச் சொல்ல முடியுமா? முப்பது வருஷம் எனக்குத் துணைக்கு நின்னவருங்க. ஒரு நாளைக்கு நான் அவருக்கு நிக்கக் கூடாதா?"

இதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. அம்மாவைத் தகனம் செய்துவிட்டு வந்த ராத்திரியும், மகளுக்கு வரன் தட்டிப்போன நாட்களிலும் அந்த இசைதான் அவரோடு இருந்திருக்கிறது. அந்தக் கடனை இப்படித் தீர்க்கப் பார்க்கிறார். ஆயினும் அவரோடு நான் உடன்படவில்லை. மனத்தைத் தொட்டதையும் தொடாததையும் ஒரே வாயால் 'முதல் தரம்' என்றால், தொட்டதற்குத் தந்த 'முதல் தர'த்துக்கு என்ன மதிப்பு? முப்பது வருஷத்துக் கண்ணீரெல்லாம் விசுவாசத்துக்காக விட்டதுதானோ என்று அந்தப் பையன்கள் நினைத்துவிட மாட்டார்களா? பொய்ப் புகழ் புதிய பாட்டைக் காப்பாற்றுவதில்லை. பழைய பாட்டின் மேலும் சந்தேகத்தை விழச் செய்கிறது.

அதற்காக 'ஏமாற்றிவிட்டார்' கட்சியில் போய்ச் சேர்ந்துவிட முடியுமா? அவருடைய தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வியாபாரி முதலில் சாம்பிளைப் பார்த்து ஒப்புதல் தருகிறான். துணியின் எடை இத்தனை ஜி.எஸ்.எம்., சாயத்தின் ஷேடு இது, அளவு இது என்று எழுத்தில் முடிவாகிறது. அனுப்பிய சரக்கு மாறியிருந்தால் அவன் திருப்பலாம், பணத்தைப் பிடிக்கலாம். அங்கே ஏமாற்றம் என்ற சொல் முழு உரிமையோடு நிற்கிறது. ஆனால் எந்தப் பாட்டுக்காரன் எந்த ரசிகனுக்குச் சாம்பிள் காட்டி ஒப்பந்தம் போட்டான்? 1982-ன் பாட்டை ஒப்புதல் பெற்ற சாம்பிளாக நாமே முத்திரை குத்தி வைத்துக்கொண்டு, வந்ததையெல்லாம் அதன் பக்கத்தில் வைத்து ஷேடு பார்க்கிறோம்.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. கிடாரும் மவுத் ஆர்கனுமாகக் கிராமியப் பாணியில் பாடிக்கொண்டிருந்த பாப் டிலன், மின்சாரக் கிடாரைக் கையில் எடுத்தார். 1966 மே மாதம் மான்செஸ்டர் நகரத்துக் கச்சேரியில், கூட்டத்திலிருந்து ஒருவன் "யூதாஸ்!" என்று கத்தினான். பிடிக்கவில்லை என்று அவன் கத்தவில்லை. காட்டிக் கொடுத்தவன் என்றான். வஞ்சகத்தைத் தவிர வேறு சொல் அவனுக்கு அகப்படவில்லை.

சரி, மாறாமலே இருந்துவிட்டால் ரசிகன் திருப்தியடைந்து விடுவானா? தியாகராஜ பாகவதரைக் கேட்க வேண்டும். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போன அவர், 1947-ல் விடுதலையானார். அடுத்த ஆண்டே 'ராஜமுக்தி' வந்தது. அதே பாகவதர், அதே பாணி. ஷேடு மாறவில்லை, எடை குறையவில்லை. படம் ஓடவில்லை. 1959-ல் அவர் இறக்கும்வரை பழைய நாள் திரும்பவே இல்லை. சாம்பிள் மாறாமல் சரக்கு வந்தது, வாங்குகிறவன்தான் மாறிப்போயிருந்தான். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

எனக்கும் கடிதங்கள் வருகின்றன. "உங்கள் முதல் நாவல் மாதிரி இப்போது எழுதுவதில்லையே" என்று. அதை எழுதியவன் இருபத்தாறு வயதுப் பையன். அவனை நான் எங்கே போய்க் கூட்டிவருவது? ஆனாலும் அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போட எனக்குக் கை வருவதில்லை. "அற்புதம், அபாரம்" என்று எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே வாக்கியத்தை எழுதுகிற அன்பரைவிட, இந்த மனிதர் ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறார் என்று தெரிகிறது. "நீர் மோசம் செய்துவிட்டீர்" என்று எழுதும்போதுதான் கோபம் வருகிறது.

நம் பாஷையிலேயே இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 'ஏமாற்றிவிட்டார்' என்றால் அவர் எழுவாயாகக் கூண்டில் ஏறி நிற்கிறார். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். பிடிக்காமை என்னிடத்தில் நிகழ்கிறது. குற்றம் செய்தவர் என்று ஒருவரும் வாக்கியத்தில் இல்லை. பசிக்கிறது, வலிக்கிறது என்பது போல அதுவும் ஓர் உண்மை, அவ்வளவுதான். கட்டிங் மாஸ்டர் "ஒட்டலீங்" என்றாரே, அதுவும் இந்த வகைதான். பஸ்ஸில் சொன்னதை அவர் கம்பெனியிலும் சொல்லியிருக்கலாம். ராஜா தோற்றுப்போயிருக்க மாட்டார்.

2025 மார்ச் 8-ந் தேதி, தம் 81-வது வயதில், இளையராஜா லண்டனில் தம் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். அதில் ஒரு சிறு பகுதியைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு அவர் என்னிடம் சொன்னார்:

"ஒண்ணும் புரியலீங் தம்பி. இன்னொருக்காக் கேக்கோணும்."