தொழுவத்து வேப்பிலை

மார்கழிப் பனி இறங்கியிருந்த ஒரு வைகறையில், தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த என்னை எழுப்பியது, வாசலில் கட்டியிருந்த கோம்பை நாயின் இருமல். வறண்டு கரகரத்து, ஒவ்வோர் இருமலின் முடிவிலும் கழுத்தை முன்னே நீட்டி எதையோ கக்க முயன்று, சிறிது வெண்ணுரையை மட்டும் மண்ணில் விட்டு ஓய்ந்த அந்த ஜீவனைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரர், "தொண்டையில எலும்பு கிலும்பு சிக்கியிருக்கும் அப்பத்தா" என்றார். அந்த வீட்டு அப்பத்தா அதை ஒப்பவில்லை. "எலும்பாவது ஒண்ணாவது! அஞ்சாறு நாளைக்கு முன்ன ஏலத்தோட்டத்து ஜீப்புல ஏறி மேல போயிட்டு வந்துச்சுல்ல, அங்கன எந்த நாய்கிட்ட மூஞ்சியக் குடுத்துச்சோ!"

கிழவியின் ஊகம் வைத்திய சாஸ்திரத்துக்கு ஒத்ததே என்பது கால்நடை மருத்துவர் வந்தபோது விளங்கிற்று. நாய்களின் மூச்சுக்குழலைப் பற்றும் இந்த இருமல் ஒரே கிருமியின் வேலையன்று. போர்டெடெல்லா என்னும் பாக்டீரியாவும், பாராஇன்ஃபுளுயென்சா, அடினோ முதலிய வைரஸ்களும் தனித்தும் கூடியும் உண்டாக்குவது. தொற்றிய நாளிலிருந்து இரண்டு நாளிலோ இரண்டு வாரத்திலோ தலைகாட்டி, நல்ல உடம்புள்ள நாய்க்குப் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் தானே தணிவது. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பான சூடு. இந்த நாயின் சூடு அதற்குள் நின்றது, சோறும் தின்றது. எனவே ஓய்வே பிரதான மருந்தாயிற்று. கழுத்துப் பட்டை தொண்டையை அழுத்தி இருமலைக் கிளறுமாகையால், அதைக் கழற்றி மார்போடு வார் பூட்டச் சொன்னார். மனிதருக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையையும் இருமல் மருந்தையும் அன்பின் மிகுதியால் ஊட்டிவிட வேண்டாமென்று இரண்டு முறை எச்சரித்தார். சோறு இறங்காமல் போவது, மூக்கில் மஞ்சளாகச் சளி ஒழுகுவது, மூச்சு மேலுங்கீழும் வாங்குவது, கண்ணில் பீளை கட்டுவது, தாடை எதையோ மெல்லுவதுபோல் தானே துடிப்பது ஆகிய குறிகளில் ஒன்று தென்பட்டாலும் தாமதியாமல் தூக்கி வரச் சொன்னார். கடைசி இரண்டும் டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயின் சாயலாம். இவற்றையெல்லாம் தலையசைத்துக் கேட்டுக்கொண்ட வீட்டார், "மூன்று வாரம் தனியே கட்டுங்கள், தட்டும் தண்ணீர்ச் சட்டியும் வேறாக இருக்கட்டும்" என்ற ஒரு வார்த்தையில் மட்டும் திகைத்து நின்றார்கள்.

கல்லூரியில் படிக்கும் அவள் பேரன், வாயில்லா ஜீவனைத் தள்ளி வைப்பது பாவமில்லையா என்று கேட்டான். தீண்டாமை என்னும் மகாபாதகத்தைச் சாஸ்திரத்தின் பெயரால் நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய ஒரு தேசத்தில், 'விலக்கு' என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் ஓர் இளைஞனுக்கு உள்ளம் கூசுவது ஆரோக்கியத்தின் அறிகுறியே என்று நான் கருதுகிறேன். ஆகவே அவன் கேள்வியை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. அருகிலிருந்த பெரியவர் ஒருவர், எல்லாம் அதன் பூர்வ கர்மம் என்று சொல்லி விவகாரத்தை முடிக்கப் பார்த்தார். ஒருவர் செய்த வினை இன்னொருவரைச் சேராதென்பது சித்தாந்தம். ஒரு நாயின் இருமல் தெருவிலுள்ள ஒன்பது நாய்களைச் சேருமென்பது அனுபவம். அந்த ஒன்பதுக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் கர்மக் கொள்கை கண்ணை மூடிக்கொள்கிறது.

மகாபாரதம் முடியுமிடத்தில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு ஸ்வர்க்கம் புக மறுத்த தர்மபுத்திரரை நாமெல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த இதிகாசத்தின் தொடக்கத்திலும் ஒரு நாய் உண்டு என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் செய்த யாகத்தின் அருகே வந்த ஒரு நாய்க்குட்டியை அவன் தம்பிமார் அடித்து விரட்ட, அது அழுதுகொண்டே தன் தாயாகிய சரமையிடம் போய், வேள்விப் பொருளாகிய ஹவிஸை நான் நக்கவுமில்லை, ஏறிட்டுப் பார்க்கவுமில்லை என்று முறையிட, அந்தத் தேவநாய் யாகசாலைக்கே வந்து, குற்றமற்ற என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டதாகவும், அவர்கள் வாயடைத்து நின்றதாகவும் ஆதிபர்வம் சொல்கிறது. எதையும் தீண்டாத குட்டியை, தீண்டிவிடும் என்ற சந்தேகத்தின்பேரில் அடித்ததே அங்கே குற்றம். நம் நாயோ உண்மையாகவே எதையோ தீண்டிவிட்டு வந்து, இன்னும் பலவற்றைத் தீண்டவிருக்கிறது. தர்மபுத்திரரின் நாய் வழியெல்லாம் இருமிக்கொண்டு வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று வியாசரைக் கேட்க வழியில்லை.

ஒரு நாயின் நோய் எங்கே போய்ச் சேரும் என்ற இந்தக் கேள்வி வெறும் தர்க்க விநோதமன்று. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் குஜராத்தின் கிர் வனத்தில் சிங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து, சில வாரங்களில் அந்த எண்ணிக்கை 23 ஆனபோது, மாண்டவற்றில் சிலவற்றின் உடலில் கண்டது நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குச் சிங்கங்களை அதே வைரஸ் வாரிக்கொண்டு போயிருந்தது. பொட்டிபுரத்துக்கு மேற்கே சிங்கமில்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளில் செந்நாய்க் கூட்டங்கள் உண்டு, அவையும் நாயினமே. கீழே வெயிலில் விரைந்து மடிந்துபோகும் அந்த வைரஸ், மேலே போடிமெட்டின் குளிரிலும் ஈரத்திலும் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை தவணை தவறாமல் போடும் தடுப்பூசியே அதற்கு வேலி. தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிப்போகும் நாய்களில் எத்தனைக்கு அந்த வேலி உண்டென்று கேட்டேன், ஓட்டுநர் சிரித்தார்.

பொட்டிபுரத்தின் பெயர் உலகத்தார் காதில் விழுந்ததே இன்னொரு விசித்திரத்தால்தான். ஏறக்குறைய யாரையும் எதையும் தீண்டாமல் மலையையும் மனிதரையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் துகளைப் பிடிக்க அம்பரப்பர் மலைக்குள் ஆய்வுக்கூடம் குடைய 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, ஊரார் எதிர்த்தார்கள். ஏறக்குறைய எதையும் தீண்டாத துகளுக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஒன்றையொன்று முகர்ந்தும் நக்கியும் வாழ்கிற பிராணிகளுக்கு மட்டுமே தர்மசங்கடம் வருகிறது.

பேரனுக்குப் பதில் சொன்னது நானல்ல. அன்று மாலை அப்பத்தா மாட்டுத் தொழுவத்தின் கோடியில் பழைய சாக்கைப் பரப்பி, பனிக்காற்றுக்குத் தட்டியை இறக்கி நாயைக் கட்டியபின், நிலைப்படியில் ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். அம்மை கண்ட வீட்டில்தானே, அப்பத்தா, வேப்பிலை செருகுவார்கள் என்று அவன் கேலி செய்ய, "அம்மை வந்த பிள்ளைய அறைக்குள்ளதான்டா வச்சோம், அதுக்காகத் தெருவுலயா எறிஞ்சோம்? ஆத்தா வந்திருக்கான்னு கும்பிட்டோம்ல" என்றாள் அவள். அம்மைக்குரிய வேப்பிலை நாயிருமலுக்கு மருந்தாகாதென்பது அவளுக்குத் தெரியாததன்று. தள்ளி வைத்தவரை இழிந்தவராக எண்ணாமல், தெய்வம் இறங்கிய உடலாக எண்ணி, அவருக்குக் குளிர்ந்த உணவைத் தனியே கொண்டுபோன ஒரு வழக்கம் இதே தேசத்தில், இதே வீடுகளில் இருந்ததைப் பேரனும் நானும் மறந்திருந்தோம்.

அடுத்த நாள் காலையில் அவள் வேலை செய்யும் வரிசையைக் கவனித்தேன். முதலில் வீட்டுக் கொல்லையிலிருந்த நான்கு நாய்க்குட்டிகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். பிறகு மாட்டுக்குத் தீவனம். எல்லாம் முடிந்த பின்னரே, ஆறிய கஞ்சியில் கொஞ்சம் மோர் விட்டுத் தொழுவத்துக்குள் போய், நாயின் தலையைத் தடவி, அது நக்கி முடிக்கும்வரை குந்தியிருந்து, சட்டியைத் தனியே கழுவிக் கவிழ்த்துவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.