அடைக்கலப் பொருளும் வாய்மை விரதமும்



கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்து அணுவிரதங்களை நம் இல்லத்துக் குழந்தைகளும் தடையின்றி ஒப்பிக்கும். ஆயின் ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்தைந்து அதிசாரங்கள் உண்டென்பதைப் பெரியவர்களாகிய நாமே மறந்துவிடுகிறோம். அதிசாரம் என்பது விரதத்தை வெளிப்படையாக முறிக்காமல் உள்ளிருந்து அரிக்கும் குற்றம். மரத்தைக் கோடரியால் வெட்டுவது வேறு. செல் அரிக்க விட்டுவிடுவது வேறு. இரண்டிலும் மரம் விழுவது ஒன்றே. அத்தகைய அதிசாரங்களுள் ஒன்றை இம்முறை சிந்திப்போம். அது வாடகை வீட்டு வாசலில் நாள்தோறும் நிகழ்வது.

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வாய்மை விரதத்தின் அதிசாரங்களை எண்ணுகிறது. பொய்யான உபதேசம், மறைவில் நிகழ்ந்ததை வெளியிடுதல், பொய்ப் பத்திரம் எழுதுதல், அடைக்கலப் பொருளை அபகரித்தல், குறிப்பால் அறிந்த இரகசியத்தைப் புலப்படுத்துதல் என்பன அவ்வைந்து. நான்காவதை வடமொழியில் நியாசாபகாரம் என்பர். சமந்தபத்திர ஆசாரியரும் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இக்குற்றத்தை வாய்மையின் கீழேயே வைத்துள்ளார்.

இங்கே ஓர் ஐயம் எழும். பிறர் பொருளை அபகரிப்பது களவு அன்றோ? அதனைக் கள்ளாமை விரதத்தில் சேர்க்காமல் வாய்மை விரதத்தில் சேர்த்தது ஏன்?

பூஜ்யபாத ஆசாரியர் தம் ஸர்வார்த்தசித்தி உரையில் தரும் விளக்கம் இவ்வையத்தைத் தீர்க்கிறது. ஒருவர் நம்மிடம் பொன்னோ பொருளோ வைத்துச் செல்கிறார். நாள் பல கழித்து வந்து, வைத்த தொகையை மறந்து குறைத்துக் கேட்கிறார். "அப்படியே ஆகட்டும்" என்று நாமும் குறைந்த தொகையையே கொடுத்து அனுப்புகிறோம். இதுவே நியாசாபகாரம். நாம் எவர் வீட்டிலும் புகவில்லை. எவர் பையிலும் கை வைக்கவில்லை. உண்மை அறிந்திருந்தும் ஒரு சொல்லால் இசைந்தோம். அச்சொல்லே பொய். வைத்தவர் மறக்கலாம், வாங்கி வைத்துக்கொண்டவர் மறக்கலாகாது என்பதே இவ்வுரையிலிருந்து நாம் கொள்ள வேண்டிய நீதி.

நம் ஊர்களின் நிலை

வீடூர், பேரமண்டூர், வீரணாமூர் முதலிய ஊர்களில் நம் முன்னோர் சொந்த நிலத்தில் உழுது சொந்த வீட்டில் வாழ்ந்தனர். பிள்ளைகளின் படிப்பும் அரசு வேலையும் நம்மைத் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் அழைத்து வந்தன. 1993இல் விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது முதல் அலுவலகங்கள் பெருகின. வீட்டுத் தேவையும் பெருகியது. இன்று நம்மவருள் சிலர் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டவர். சிலர் அத்தகைய போர்ஷனில் குடியிருப்பவர். ஆகவே இவ்வறவுரை இரு சாராருக்கும் உரியது.

குடிவருபவர் தரும் அட்வான்ஸ் தொகை யாருடையது? வீட்டுக்காரர் கையில் இருப்பினும் அது அவருடையதன்று. அது அடைக்கலப் பொருள். நெல் விற்ற பணமாகவோ நகையை அடகு வைத்த பணமாகவோ வந்து, நம்மை நம்பி நம்மிடம் தங்கியிருக்கிறது. மாத வாடகையின்றிப் போக்கியத்திற்கு விடும் வீடுகளில் இத்தொகை இலட்சக்கணக்கில் இருக்கும். அங்கே பொறுப்பும் அத்தனை மடங்கு பெரிது.

வழக்கின் வேர் இவ்விடத்தில்தான் இருக்கிறது. வாங்கிய தொகையை மகள் திருமணத்திற்கோ மாடி கட்டவோ செலவிட்டுவிடுகிறோம். குடியிருப்பவர் காலி செய்ய முற்படும்போது கையில் பணம் இல்லை. "அடுத்தவர் குடிவந்ததும் தருகிறேன்" என்கிறோம். அடுத்தவர் வந்தபின், "சுண்ணாம்பு அடிக்க ஒரு மாத வாடகை, சுவரில் ஆணி அடித்ததற்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு" என்று கணக்கு நீள்கிறது. ஊர் மாறிச் சென்றவர் பேருந்துச் செலவு செய்து நான்கு முறை நடந்து அலுத்து, "கொடுப்பதைக் கொடுங்கள் ஐயா" என்கிறார். அப்போது நாம், "சரி, அப்படியே ஆகட்டும்" என்கிறோம். பூஜ்யபாதர் காட்டிய மனிதர் மறதியால் குறைத்துக் கேட்டார்; இவர் அலுப்பால் குறைத்துக் கேட்கிறார். நம் வாயிலிருந்து வரும் சொல் மட்டும் மாறவில்லை.

அரச நெறியும் அற நெறியும்

கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் அரச நெறியை மீறிப் பொருள் கொள்வதும் ஒன்று. ஆகவே சட்டம் கூறுவதை அறிதலும் சிராவகனின் கடமையே. நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தை இது பெற்றது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதனைப் பதிவும் செய்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக இசைந்தாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீடு காலியான ஒரு மாதத்திற்குள், வாடகைதாரர் தர வேண்டியது ஏதேனும் இருப்பின் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தருதல் வேண்டும். பராமரிப்புப் பணிகளையும் சட்டத்தின் அட்டவணை பிரித்துக் கொடுத்துள்ளது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையெனில், வெள்ளையடித்தலும் மின்கம்பிப் பணியும் உரிமையாளருடையவை. குழாய் வாஷர், சுவிட்சு, தாழ்ப்பாள் போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவருடையவை. வழக்கு நேர்ந்தால் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

ஆயினும் சட்டம், கேட்பவருக்கே கொடுக்கச் சொல்லும். அறமோ, கேட்க மறந்தவருக்கும் கொடுக்கச் சொல்கிறது. சிராவகன் சட்டத்தோடு நின்றுவிடலாகாது.

மின் கட்டணமும் பொய் அளவும்

கள்ளாமையின் மற்றோர் அதிசாரம், கொள்ளும்போது மிகுத்தும் கொடுக்கும்போது குறைத்தும் அளத்தல். மரக்காலும் படியும் அடுக்களை மூலைக்குப் போய்விட்டன; ஆதலின் இக்குற்றம் வணிகருக்கே உரியதென்று எண்ணிவிடுகிறோம். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சப் மீட்டரும் ஓர் அளவுகோலே.

ஒரே மின் இணைப்பில் உரிமையாளரும் குடியிருப்பவரும் வாழ்வதாகக் கொள்வோம். இரண்டு மாதத்தில் உரிமையாளர் 240 யூனிட், குடியிருப்பவர் 160 யூனிட், ஆக 400 யூனிட் செலவாயிற்று. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு வாரியத்திற்குச் செலுத்த வேண்டியது 1,000 ரூபாய் என வைத்துக்கொள்க. 240க்கு 160 என்பது மூன்றுக்கு இரண்டு. எனவே உரிமையாளர் பங்கு 600 ரூபாய். குடியிருப்பவர் பங்கு 400 ரூபாய். இதனை விடுத்து, "யூனிட்டுக்கு 8 ரூபாய்" என்று வாங்கினால் குடியிருப்பவர் 1,280 ரூபாய் தருகிறார். உரிமையாளர் தாம் எரித்த 240 யூனிட்டுக்கு ஒரு காசும் தராததோடு 280 ரூபாய் இலாபமும் பெறுகிறார். 2016 மே மாதம் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்தில் முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாக்கியது. அச்சலுகையில் குடியிருப்பவருக்கு உரிய பகுதியை அவருக்கே விலைக்கு விற்பது எந்த அறத்தில் சேரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கு முற்றினால் மோட்டாரை நிறுத்துவதும் ஃபியூசைப் பிடுங்குவதும் சில இடங்களில் நிகழ்கின்றன. சட்டம் இதனைத் தடை செய்கிறது. நம் ஆகமமோ, தம்மைச் சார்ந்த உயிர்களுக்கு உணவையும் நீரையும் தடுப்பதைக் கொல்லாமையின் அதிசாரமாகவே கூறுகிறது. கட்டி வைத்த மாட்டிற்குத் தண்ணீர் காட்டாதிருத்தல் பாவமென அறிந்த நாம், மாடிப்படியில் குடத்தோடு நிற்கும் தாய்க்குத் தண்ணீர் மறுக்கலாமோ?

குடியிருப்பவர் கடமை

குடியிருப்பவரும் இதே விரதத்தால் கட்டுண்டவரே. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வீடு அவருக்கு அடைக்கலப் பொருள். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கடைசி மூன்று மாதம் வாடகை நிறுத்துபவர், பழுதுக்கென இருந்த ஈட்டை உரிமையாளரின் இசைவின்றித் தாமே உண்டுவிடுகிறார். மின் கணக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வருவதால், இடையில் காலி செய்வோர் எரித்த கட்டணம் பின்னர் வந்து சேரும். ஒரு போர்ஷன் வாடகையே வாழ்வாதாரமாக உள்ள முதிய கைம்பெண்டிர் நம்மிடையே பலர். அவர் தலையில் அக்கட்டணத்தை ஏற்றிச் செல்வதும், உடைந்த கழுவுதொட்டியை மறைத்துச் சாவியைக் கொடுத்துச் செல்வதும் பொய்யே.

வாடகையைக் குறைத்துக் காட்டும் ஒப்பந்தமும், தராத வாடகைக்குப் பெறும் இரசீதும் பொய்ப் பத்திரம் என்னும் அதிசாரத்தில் அடங்கும். இதில் இருவரும் கூட்டாளிகள்.

செய்யத் தக்கவை

குடிவரும் நாளிலேயே முன்பணத் தொகையை எழுதி இருவரும் கையொப்பமிடுக. வீட்டில் உள்ள விளக்கு, விசிறி, குழாய் அனைத்தையும் பட்டியலிடுக. சப் மீட்டர் ரீடிங்கை இருவரும் சேர்ந்து பார்த்துக் குறித்து, மின் கட்டணச் சீட்டைக் காட்டிப் பங்கிடுக. முன்பணத்தைத் தனிக் கணக்கில் வங்கியிலோ அஞ்சலகத்திலோ இட்டு, அதைத் தொடாதிருக்க உறுதி கொள்க. உரிமைப் பொருளுக்கு எல்லை வகுக்கும் விரதம், நிலத்தையும் வீட்டையுமே முதலில் எண்ணுகிறது. எல்லை வகுக்கும்போது பிறர் பணத்தை நம் பொருளோடு சேர்த்து எண்ணாதிருத்தல் அதன் முதற்படி.

வீடு கேட்டு வருவோரிடம், "மாமிசம் சமைப்பீர்களா?" என்று நாம் முதலில் கேட்கிறோம். கேட்பது நம் ஒழுக்கத்திற்கு இயல்பே. ஆனால் "போகும்போது அட்வான்ஸை முழுமையாகத் தருவீர்களா?" என்று நம்மிடம் கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. வெளியேறியபின் அவர்கள் நம் சமயத்தைப் பற்றிப் பேசப் போவது, நாம் சூரியன் மறையுமுன் உண்டதை வைத்தன்று. அவர்கள் பணத்தை நாம் எவ்வாறு திருப்பினோம் என்பதை வைத்தே.

தசலட்சண பருவம் நிறைவுற்றதும் எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம். மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவில் ஒரே வடத்தைப் பிடிக்கிறோம். அந்நாட்களுக்கு முன்பாகப் பழைய வாடகைக் குறிப்பேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யாருக்கேனும் குறைத்துக் கொடுத்திருப்பின், அவர் எவ்வூரில் இருக்கிறார் என்று விசாரித்து, உரிய தொகையை அனுப்புங்கள். மன்னிப்பை அதன்பின் கேட்கலாம். அவர் மறந்திருப்பார், அதனாலேயே நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

அறம் ஓங்குக!