கண்ணாடிக் கடலும் களையெடுப்பும்

மனிதன் தானே ஓர் உலகை ஆக்கி, அவ்வுலகில் எவ்வுயிர் வாழலாம், எவ்வுயிர் மாளவேண்டும் எனத் தீர்ப்பளிக்கும் நிலையில் நிற்பானாயின், அத்தீர்ப்புக்கு அடிப்படையாக அமையும் அறம் யாது? இவ்வினா அரசர்க்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே உரியதெனத் தோன்றலாம். ஆயின், வீட்டுக் கூடத்தின் மூலையில் வைக்கப்பட்ட கண்ணாடித் தொட்டியொன்றும் இதே வினாவை எழுப்புகின்றது.

முருகைகளை வளர்க்கும் உவர்நீர்த் தொட்டியில் இயற்கை என்று கூறத்தக்கது மிகச் சிறிதே. உப்பின் அளவு, வெப்பநிலை, ஒளி, நீரோட்டம் யாவும் வளர்ப்போனின் ஏற்பாடுகளே. புதிதாக வாங்கிய கல்லிலோ முருகையிலோ ஒட்டிக்கொண்டு, அவனறியாமலே சில தட்டைப்புழுக்கள் உட்புகுகின்றன. காலப்போக்கில் மணலும் கல்லும் கண்ணாடியும் செங்கபில நிறப் புள்ளிகளால் மூடப்படுகின்றன. வளர்ப்போன் அவற்றைப் 'பீடை' என்கின்றான், அழிக்க முற்படுகின்றான்.

இப்பீடைகளுள் நன்கு அறியப்பட்ட ஒன்று, 1988இல் விவரிக்கப்பட்ட கொன்வொலூற்றிலோபா றெற்றோகெம்மா என்பதாகும். சில மில்லிமீற்றர் நீளமே கொண்ட இவ்வுயிர், தன் உடலினுள் அல்காக்களைத் தாங்கி, அவை ஒளியைக்கொண்டு ஆக்கும் உணவிற் பங்குபெறுகின்றது. சிறு இரைகளையும் பிடித்துண்கின்றது. உடலின் பின்புறத்தே அரும்புகளைத் தோற்றுவித்துப் பெருகுவதால், ஒரு புழுவே பெருங்கூட்டத்துக்கு முதலாகலாம். இது முருகையை உண்பதன்று. அதன்மீது திரண்டு ஒளியை மறைப்பதே இதன் 'குற்றம்'. முருகையும் தன்னுள் அல்காக்களை வைத்து அதே ஒளியை நம்பியே வாழ்கின்றது. எனவே இங்கு நிகழ்வது கள்வனுக்கும் உடையவனுக்கும் இடையிலான வழக்கன்று; ஒரே விளக்கின்கீழ் இடந்தேடும் இருவரின் நெருக்கடியே. மேலும், 1999 தொடக்கம் மூலக்கூற்று ஆய்வுகள் இவ்வினத்தைத் தட்டைப்புழுக் கணத்திலிருந்து பிரித்துள்ளன. குற்றவாளியின் குலத்தையே சரியாக அறியுமுன் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

முருகையை உண்மையாகவே உண்ணும் தட்டைப்புழுவும் உண்டு. அக்குரோபோரா முருகைகளைத் தின்னும் அமாகுசபிளானா அக்குரோபோரே என்பது, தொட்டிகளில் வளர்க்கப்பட்ட முருகைகளிலிருந்து 2011இல் விவரிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைக்கற்பாரில், லிசார்ட் தீவையடுத்து, இயற்கையிலும் அது வாழ்கின்றது என்னும் செய்தி 2012இலேயே வெளியாயிற்று. அதாவது, இவ்வுயிரை உலகம் முதலிற் குற்றத்தால் அறிந்தது. இல்லத்தால் அறிந்தது பின்னரே. 'பீடை' என்பது ஓர் உயிரின் இயல்பைக் குறிக்குஞ் சொல் அன்று. அவ்வுயிருக்கும் நமது விருப்பத்துக்கும் இடையேயுள்ள உறவைக் குறிக்குஞ் சொல் என்பது இதனாற் பெறப்படும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். துன்பத்தை உணரும் ஆற்றலே அறக் கணிப்புக்குரிய எல்லை எனப் பீற்றர் சிங்கர் 1975இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவ்வளவுகோலின்படி, மிக எளிய நரம்பமைப்புடைய புழுவைக் கொல்வதில் அறச்சிக்கல் ஏது என்பர். இதனை ஏற்றுக்கொள்வோமாயினும் வழக்கு முடிந்துவிடாது. முருகையும் ஒரு விலங்கே. அதற்கு மூளை இல்லை. உணர்வே அளவுகோலாயின், மூளையற்ற முருகைக்காகப் புழுவைக் கொல்ல அவ்வளவுகோல் இடந்தராது. நாம் முருகையின் பக்கம் நிற்பதற்குக் காரணம் அதன் நிறம், அழகு, அதற்கு நாம் கொடுத்த விலை என்பனவே. விருப்பத்தை நீதி என்று பெயரிட்டு அழைப்பதே இங்குள்ள முதற் பிழை.

கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள், செங்கோன்மை அதிகாரத்திலே கொடியோரை அரசன் ஒறுத்தலைப் பயிர்காக்கும் களையெடுப்புக்கு ஒப்பிடுகின்றது. ஆங்கே குற்றவாளி களையாக உவமிக்கப்படுகின்றான். தொட்டியின் முன் நிற்பவனோ இவ்வுவமையைத் தலைகீழாக்கிக் களையைக் குற்றவாளியாக்குகின்றான். களைக்குக் குற்றமில்லை. உழவன் அதனைப் பிடுங்கவேண்டும், வெறுக்கவேண்டியதில்லை.

அவ்வாறாயின் வாளாவிருத்தல் அறமாகுமா? ஆகாது. முருகையைத் தொட்டிக்குட் கொண்டுவந்தவன் அதன் உயிருக்குப் பொறுப்பேற்றவன். கைகட்டி நிற்பதும் ஒரு கொலையே. ஆதலின் வினா, கொல்லலாமா என்பதினின்று எவ்வாறு, எவ்விலை கொடுத்து என்பதற்கு நகர்கின்றது.

வழிகள் சிலவுள. மெல்லிய குழாயால் புழுக்களை உறிஞ்சி அகற்றலாம். இதற்குப் பொறுமையே விலை. மருந்திடலாம்; ஆயின் செம்புழுக்கள் பெருந்தொகையாக மடியுங்கால் அவற்றின் உடலிலிருந்து வெளியாகும் நச்சு மீன்களையும் தாக்கக்கூடும். ஆகவே இயன்றவரை முன்னரே உறிஞ்சியகற்றி, பின்னர் நீரை மாற்றிக் கரியால் வடிகட்டுதல் வேண்டும். முருகையை மருந்துநீரில் தோய்க்கலாம். எனினும் அக்குரோபோராவின் வெற்றெலும்பில் இடப்பட்ட முட்டைகள் அதற்குத் தப்புவதால், மீண்டும் மீண்டும் தோய்க்கவேண்டியுள்ளது.

இன்னுமொரு வழி, கெலிடோனுரா வேரியன்ஸ் என்னும் நீலக்கோடுடைய கடல் நத்தையை விடுதல். செம்புழு போன்றவையே அதன் உணவு. இயற்கை வழி என்று இது புகழப்படுகின்றது. ஆனால் புழுக்கள் தீர்ந்ததும் நத்தை பட்டினியால் மாள்கின்றது. தன் கை கறைபடாதிருக்க ஒரு கொலைஞனை அமர்த்தி, பணி முடிந்ததும் அவனையும் சாகவிடுதல் எவ்வகை இயற்கை? அடுத்த தொட்டிக்கு அதனை வழங்க ஒழுங்கு செய்யாதவன் அதனை வாங்கும் உரிமையற்றவன் என்பதே எம் கருத்து.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட கடமையொன்றுண்டு. புதிய முருகையைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து நோக்குதல், உணவை மிகையாக இடாதிருத்தல் ஆகிய எளிய செயல்களால் பின்னர் நிகழும் பெருங்கொலையைத் தவிர்க்கலாம். பிலிப் ஹென்றி கொஸ் 1854இல் வெளியிட்ட நூல் இங்கிலாந்தில் கடலுயிர்த் தொட்டி மோகத்தைப் பரப்பிற்று. அம்மோகத்தால் கரையோரப் பாறைக்குட்டைகள் வெறுமையுற்றதை அவர் மகன் எட்மண்ட் 1907இல் வருந்தி எழுதினார். அன்பினால் தொடங்கியதும் முன்யோசனை இன்றேல் அழிவில் முடியும் என்பதற்கு இது சான்று.

முடிவாக, புழுவைக் கொல்பவன் கொடியவன் என்பது எமது வாதமன்று. அவன் கொல்லவேண்டிய நிலை, பெரும்பாலும் அவனுடைய அவசரத்தின் விளைவு என்பதே எமது வாதம். குழாயைக் கையிலெடுக்கும் வேளையில், 'இது புழுவின் குற்றம்' என்று எண்ணுவோன் அடுத்த முருகையையும் சோதியாமலே உள்ளே விடுவான். 'இது என் கடன்' என்று எண்ணுவோன் அவ்வாறு செய்யான்.