பூசாரி தராத வரம்

டொமைன் ‘வாங்கினேன்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்வேன், பேச்சில் இதையெல்லாம் திருத்திக்கொண்டிருக்க முடியாது. ஆனால் டாட் காம் பெயரை யாரும் வாங்குவதில்லை. ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 வருடத்துக்குப் பதிவு செய்யலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். மூலப் பட்டியல் வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்களோடு நாம் நேரடியாகப் பேச வழியில்லை. ஐகான் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஒரு ரிஜிஸ்ட்ரார் மூலமாகத்தான் போக வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்னு சொல்வார்களே, அந்தக் கதைதான்.

பெரும்பாலானவர்களுக்குப் பூசாரி இருப்பதே தெரியாது. ரிஜிஸ்ட்ராரே நேம்சர்வரும் தந்துவிடுவார், இரண்டு கட்டங்களை நிரப்பினால் வலைப்பூ ஓட ஆரம்பித்துவிடும். அவர் யார் என்பது தெரியவருவது, சொந்தமாக நேம்சர்வர் நடத்த நினைக்கும் அன்றைக்குத்தான்.

அதில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. என் டொமைன் என்பெயர்.காம் என்று வைத்துக்கொள்வோம். அதன் நேம்சர்வர் என்எஸ்1.என்பெயர்.காம். யாரோ ஒருவருடைய கணினி என்பெயர்.காம் எங்கே என்று டாட் காம் சர்வரிடம் கேட்கிறது. ‘என்எஸ்1.என்பெயர்.காமைக் கேள்’ என்று பதில் வருகிறது. சரி, அது எங்கே இருக்கிறது? அதையும் என்எஸ்1.என்பெயர்.காமிடம்தான் கேட்க வேண்டும். சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட மாதிரி. அதனால் டாட் காம் சர்வர் தன் பதிலோடு என் நேம்சர்வரின் ஐபி முகவரியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் க்ளூ ரெக்கார்ட், பசை. அந்த முகவரியை வெரிசைனிடம் பதிவு செய்யும் வசதி என் ரிஜிஸ்ட்ராருக்கு மட்டும்தான் உண்டு.

முதலில் நான் பதிவு செய்திருந்த ரிஜிஸ்ட்ராரின் பக்கத்தில் ஐபிவி4 முகவரிக்கு மட்டும் கட்டம் இருந்தது. ஐபிவி6 போட்டால் ‘தவறான முகவரி’ என்று சிவப்பில் வரும். டிஎஸ் ரெக்கார்டுக்குக் கட்டமே இல்லை. என் டொமைனுக்கு டிஎன்எஸ்செக் கையெழுத்து போட்டிருக்கிறேன், இதுதான் என் சாவியின் அடையாளம் என்று மேலே இருப்பவரிடம் சொல்லிவைக்கும் பதிவு அது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். பதில் சொன்ன பெண் மிகவும் பொறுமையானவர். ‘சார், எங்க நேம்சர்வரே ஃப்ரீதான் சார், அதையே யூஸ் பண்ணிக்கலாமே?’

நல்ல கேள்விதான். ஏன் சொந்தமாக நடத்த வேண்டும்? வீட்டில் தண்ணீர் வரும்போது எதற்குக் கிணறு வெட்டுகிறாய் என்று நண்பன் ஒருவனும் கேட்டான். எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்: டிஎன்எஸ் அப்படி நடத்துவதற்காகவே செய்யப்பட்ட ஒன்று. அதற்கு முன்னால் நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கணினிப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினியைச் சேர்க்க வேண்டுமானால் அலுவலக நேரத்தில் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நெட்வொர்க் வளர வளர அது தாங்கவில்லை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் கொண்டுவந்த மாற்று ஏற்பாட்டின் சாரம் ஒரே சொல்: ஒப்படைத்தல். மேலே இருப்பவர் ஒரு கிளையை என்னிடம் ஒப்படைத்துவிட்டால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது என் பொறுப்பு. நான் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை.

40 வருடம் கழித்து நான் போன் செய்துகொண்டிருந்தேன்.

இதில் என்னை உறுத்துவது வசதிக் குறைவு அல்ல. எனக்கு யாருமே ‘இல்லை’ என்று சொல்லவில்லை என்பதுதான். டிஎன்எஸ் விதிகள் அனுமதிக்கின்றன. ரூட் 2010 ஜூலையிலேயே கையெழுத்திடப்பட்டுவிட்டது, டாட் காம் 2011 மார்ச்சில். வெரிசைன் தயார். அந்தப் பெண் என்ன செய்வார், அவருடைய திரையிலும் அந்தக் கட்டம் இல்லை. கட்டத்தை வைக்காத புரோகிராமரைக் குறை சொல்லலாமா? நானும் அந்தத் தொழில்தான். அவர் ஸ்பிரின்ட்டில் அப்படி ஒரு வேலை வந்தேயிருக்காது. மேலாளர் கணக்குப் பார்த்திருப்பார்: ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களில் இதைக் கேட்பவர் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் நியாயமாகத்தான் நடந்திருக்கிறார்கள். கடைசியில் எனக்குச் சட்டப்படி இருக்கும் ஒன்று கையில் கிடைக்கவில்லை. மறுத்தவர் இல்லாத மறுப்பை என்னவென்று சொல்வது?

மறுப்பென்றால் அதற்கு ஒரு முகம் இருக்கும். எதிர்த்து வாதாடலாம், காரணம் கேட்கலாம். வெறும் கட்டமின்மையோடு எப்படி வாதாடுவது? ஒரு தாசில்தாராவது ‘முடியாது போய்யா’ என்றால் மேல்முறையீடு இருக்கிறது.

ரிஜிஸ்ட்ராருக்கும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் தப்பு. டிஎஸ் ரெக்கார்டில் ஓர் எழுத்து பிசகினால் கையெழுத்தைச் சரிபார்க்கும் சர்வர்களின் கண்ணில் அந்த டொமைன் மொத்தமாக மறைந்துவிடும். ஸ்லாக் நிறுவனத்துக்கே 2021 செப்டம்பர் 30 அன்று டிஎன்எஸ்செக் போடப் போய்ச் சிக்கல் வந்தது. அதைச் சமாளிக்க டிஎஸ் ரெக்கார்டை அவசரமாக எடுத்தார்கள். பழைய ரெக்கார்டை ஒரு நாள் வரை நினைவில் வைத்திருந்த சர்வர்களிடம் தளமே கிடைக்காமல் போயிற்று. பெரிய பொறியாளர் படை உள்ளவர்களுக்கே இந்த நிலை. பத்து டாலர் கட்டிய வாடிக்கையாளர் செய்யும் குளறுபடிக்கு இரவு 2 மணிக்கு யார் போனை எடுப்பது? வாடிக்கையாளரைக் காப்பாற்றத்தான் இதைத் தரவில்லை என்று ஒருவர் சொன்னால் அதைப் பொய் என்று தள்ள மாட்டேன்.

ஆனால் மளிகைக்கடையில் ஒரு பொருள் இல்லாததும் இதுவும் ஒன்றல்ல. கடைக்காரருக்கு என்னை மொத்த வியாபாரியிடம் போகவிடாமல் தடுக்கும் உரிமை கிடையாது. ரிஜிஸ்ட்ராருக்கு இந்த ஏற்பாடே அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. இதில் வரலாற்றின் குசும்பு வேறு. 1990-களில் டாட் காம் பதிவு முழுக்க நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 1995-இல் வருடத்துக்கு 50 டாலர் வாங்க ஆரம்பித்தார்கள், வேறு போக்கிடம் இல்லை. அந்த ஏகபோகத்தை உடைக்கத்தான் 1999-இல் பல ரிஜிஸ்ட்ரார்களை உள்ளே விட்டார்கள். ஒரு பூசாரியின் கொட்டத்தை அடக்கப் பல பூசாரிகள். விலை குறைந்தது, உண்மை. கருவறைக்குள் போகும் வழி மட்டும் அப்படியே இருக்கிறது.

வாசலில் நிற்பவர், தான் வெறும் வாசல்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். ஒரே வழியாக இருப்பதற்காகப் பணம் வாங்குபவர், அந்த வழியாகப் போகக்கூடிய எல்லாவற்றுக்கும் இடம் தர வேண்டும். அவருக்கே அது புரியாவிட்டாலும் சரி. தபால்காரர் நம் கடிதம் புரிந்தால்தான் கொண்டுபோவேன் என்று சொல்வதில்லையே.

‘பிடிக்கலைன்னா வேற ரிஜிஸ்ட்ராருக்கு மாத்திக்க வேண்டியதுதானே’ என்றான் அதே நண்பன். மாறலாம்தான். புதிதாகப் பதிவு செய்து 60 நாள் ஆகியிருக்க வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், ரகசியக் குறியீடு வாங்க வேண்டும், ஒரு வருடக் கட்டணம் கட்ட வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் கட்டம் இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது அதைவிடக் கஷ்டம். அதோடு, தனக்கு என்ன கிடைக்கவில்லை என்று தெரிந்தவனுக்குத்தான் வெளியேறும் உரிமை உதவும். டிஎஸ் என்றால் என்னவென்று தெரியாதவருக்கு அந்தக் கட்டம் இல்லாத பக்கம் குறையற்றதாகவே தெரியும்.

அதிகாரம் மேலே இருக்கும் வரை இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்றும் தோன்றுகிறது. 1998 ஜனவரியில் ஜான் போஸ்டெல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். உலகின் ரூட் சர்வர்களில் எட்டு, அரசு ஒப்பந்தத்தில் இயங்கிய மூலச் சர்வரை விட்டுவிட்டு அவருடைய சர்வரைப் பின்பற்ற ஆரம்பித்தன. அமெரிக்க அரசு தலையிட்டதும் திருப்பிவிட்டார், சோதனைதான் என்றார். அதே வருடம் செப்டம்பரில் ஐகான் உருவானது, அக்டோபரில் அவர் இறந்துபோனார். எட்டுப் பேர் ஒருவரை நம்பியதால் அன்றைக்கு அது நடந்தது. போஸ்டெலைப் போன்ற ஒருவரிடம் எல்லாம் இருப்பது மேலா, யாரிடமும் முழுதாக இல்லாத இன்றைய ஏற்பாடு மேலா? இரண்டாவதுதான் மேல் என்பேன், கொஞ்சம் தயக்கத்தோடு. போஸ்டெலிடம் காரணம் கேட்டிருக்க முடியும்.

பூசாரியைச் சுற்றிப் போக ஒரு வழி வந்திருக்கிறது. என் டொமைனிலேயே சிடிஎஸ் என்றொரு ரெக்கார்டைப் போட்டு வைத்தால் மேலே இருக்கும் பதிவகமே வந்து படித்து டிஎஸ்ஸை மாற்றிக்கொள்ளும். 2014-லேயே அதற்கான வரையறை வந்துவிட்டது. செக், சுவிட்சர்லாந்து நாடுகளின் பதிவகங்கள் செய்கின்றன.

நான் டாட் காமில் இருக்கிறேன். இப்போதைய ரிஜிஸ்ட்ராரிடம் ஐபிவி6 கட்டம் இருக்கிறது. டிஎஸ்ஸுக்கு மட்டும் டிக்கெட் போட வேண்டும், இரண்டு நாளில் யாரோ ஒருவர் கையால் ஏற்றுகிறார். அடுத்த மாதம் சாவி மாற்ற வேண்டும். டிக்கெட்டை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.