சும்மா வந்தேன்

வெளிநாட்டில் குடியேறிய சென்னைப் பெண்கள் பலர் அங்கே கிடைத்த நிம்மதியைப் பற்றிச் சொல்லும்போது, சம்பளத்துக்கும் குளிருக்கும் அடுத்தபடியாக ஒன்றைச் சொல்வார்கள்: எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. இந்த நிம்மதி உண்மையானது. ஆனால் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கலாமா?

நியூஜெர்சியின் எடிசன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சனிக்கிழமை காலையில் ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நியூயார்க்கில் இறங்கிவிடலாம். அந்நகரின் குயின்ஸ் பகுதியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் புழங்குகின்றன. ஜாக்சன் ஹைட்ஸில் வங்காளி மளிகைக்கடை, திபெத்திய மோமோ கடை, கொலம்பியர்களின் பேக்கரி எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஃப்ளஷிங்கில் 1977இல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோயிலின் கேன்டீனில் தோசை கிடைக்கும். இத்தனை விதமான மனிதர்கள் கூடுகிற இடத்தில், தனியாக நடக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை யாரும் நின்று பார்ப்பதில்லை. அவளும் காரணமில்லாமல் நடக்கிறாள். பலருக்கு வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

ஏன் முதல் தடவை? மயிலாப்பூர் மாட வீதியில் வளர்ந்த பெண்ணும் தெருவில் நடந்தவள்தான். ஆனால் கையில் ஒரு காரணம் இருக்கும்: கோயில், காய்கறி, தைக்கக் கொடுத்த ரவிக்கை. பூக்காரம்மாவுக்கும் இஸ்திரி போடுபவருக்கும் அவள் யார் வீட்டுப் பெண் என்று தெரியும். தி.நகர் ரங்கநாதன் தெருவின் நெரிசலில் யாருக்கும் யாரையும் தெரியாது. ஆனாலும் அங்கே கைப்பைதான் காரணம். 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை அமைத்து உட்கார இருக்கைகளும் போட்டார்கள். எதுவும் வாங்காமல், யாருக்காகவும் காத்திருக்காமல், ஒரு பெண் அங்கே தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். பக்கத்துக் கண்களே கேள்வி கேட்கும்.

இது சென்னைக்கு மட்டும் உரிய நோய் அல்ல. வர்ஜீனியா வுல்ஃப் 1927இல் எழுதிய ஒரு கட்டுரையில், மாலை நேர லண்டனில் நடப்பதற்கு ஒரு பென்சில் வாங்குவதைச் சாக்காக்கிக்கொள்கிறார். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூலில், பெண்கள் பாதுகாப்பை மட்டும் கேட்டால் போதாது, காரணமின்றித் தெருவில் திரியும் உரிமையைக் கேட்க வேண்டும் என்று வாதிட்டார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். யாரும் கேட்காமல் இருப்பது ஒன்று. கேட்கும் உரிமையே யாருக்கும் இல்லாமல் இருப்பது இன்னொன்று. நியூயார்க்கின் சனிக்கிழமை தருவது முதலாவதை. அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் இல்லை, அதனால் கேள்வி இல்லை.

திங்கள்கிழமை இந்த வேறுபாடு புரியும். கணவரின் ஹெச்-1பி விசாவைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் போன பெண், அடையாற்றில் படித்துப் பொறியாளர் ஆனவளாக இருந்தாலும், நெடுங்காலம் வேலை பார்க்க அனுமதி இல்லை. 2015 மே 26 முதல் சிலருக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் பெரும்பாலும், கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான். மணமுறிவு ஏற்பட்டால் அந்த விசாவும் போய்விடும். எங்கே போகிறாய் என்று நகரம் கேட்பதில்லை. யாருடைய மனைவி என்று அரசு கேட்கிறது.

அதற்காக அந்தச் சனிக்கிழமைகளைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. காரணமில்லாமல் நடந்து பழகிய உடம்பு அதை மறக்காது. இப்படியும் வாழலாம் என்று தெரிந்துகொள்வதே பெரிய விஷயம். அப்படித் தெரிந்துகொண்டவளுக்கு, மார்கழிக் கச்சேரிகளுக்கு ஊர் திரும்பும்போது ஒரு கடமை வருகிறது. ‘இந்த ஊர் மாறாது’ என்று சொல்லிவிட்டுக் கால் டாக்சியில் ஏறிக்கொள்வது எளிது. பணம் இருந்தால் கேள்விகளிலிருந்து விலகிப் போகலாம். ஆனால் அது தனக்கு மட்டும் வாங்கிய விலக்கு.

அந்த விலக்கை வாங்க முடியாதவர்களும் இதே தெருக்களில் இருக்கிறார்கள். ஆற்றங்கரைகளில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து இன்னும் பலர் அனுப்பப்பட்டார்கள். அந்தப் பெண்களில் பலர் இன்று வீட்டுவேலைக்காக மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் வருகிறார்கள். ஒரு காலத்தில் குடியிருந்த இடத்துக்கு இப்போது வேலை என்ற காரணத்தோடு மட்டுமே வருகிறார்கள். அடுக்ககத்தின் வாசலில் காவலாளி கேட்கிறார்: ‘எந்த வீடு?’ உள்ளே போனதும் நாம் கேட்கிறோம்: ‘ஏன் லேட்டு?’

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் பயணச்சீட்டுக்குப் பணம் தர வேண்டியதில்லை. இதைப் பணமிச்சமாக மட்டும் பார்க்கக் கூடாது. பஸ்ஸுக்குக் காசு கேட்கும்போதுதான் ‘எங்கே, எதுக்கு?’ என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. அந்த இடத்தில் கேட்பதற்கான பிடி போய்விட்டது. தெரிந்தவர்கள் நிறைந்த ஊரிலேயே, எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து, பொதுவில் உண்டாக்கிய சுதந்திரம் இது. யாருக்கும் நம்மைத் தெரியாத ஊரில் கிடைப்பதைவிட இது சிறிதாக இருக்கலாம். ஆனால் இதற்கு உறுதி அதிகம்.

மிச்சத்தை நாம்தான் செய்ய வேண்டும். கேட்பவர்களின் வரிசையில் அம்மாவும் மாமியாரும் அக்காவும் வீட்டுக்கார அம்மாவுமாக நாமும் நிற்கிறோம். சும்மா இருப்பதைப் பெரும் பேறாகக் கொண்டாடிய மொழி நம்முடையது. அந்தப் பேறு துறவிகளுக்கு மட்டும் போதுமா? பெசன்ட் நகர் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண், மகளோ மருமகளோ பெரும்பாக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தவளோ, ‘சும்மா வந்தேன்’ என்று சொன்னால், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க நாம் பழக வேண்டும்.