வாக்கியம் முடியும் வரை

'தி ஓல்டு மேன் தி போட்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஐந்தே சொற்களில் ஒரு வாக்கியம் உண்டு. துடியலூரில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் இந்தச் சொற்கள் தெரியும். ஆனால் கல்லூரி முடித்தவரும் இதில் தடுமாறுவார். வயதான மனிதர் என்று மனம் முதலில் கூட்டிக்கொள்கிறது. பிறகு வினையைத் தேடுகிறது. வினை வரவே இல்லை. 'மேன்' என்பதையே வினையாகக் கொண்டால்தான் வழி திறக்கும்: படகுகளில் பணியாளராக நின்று அவற்றை இயக்குபவர்கள் முதியவர்கள். எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தும் பொருள் பிறக்கவில்லை என்றால், வாக்கியத்தின் பொருள் எங்கிருந்துதான் பிறக்கிறது? இந்தக் கேள்வியை ஆங்கில வகுப்போடு விட்டுவிட முடியாது. இந்திய மெய்யியல் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய கேள்வி இது.

வேத வாக்கியத்திலிருந்து கடமையை அறிய வேண்டியிருந்த மீமாம்சகர்களுக்கு இது சமயத்தின் அடித்தளத்தையே தொட்ட சிக்கல். வாக்கியம் எப்படிப் பொருள் தருகிறது என்று தெளியாமல் எதைச் செய், எதை விடு என்று சொல்ல முடியாதே. சொற்கள் தத்தம் பொருளைத் தனித்தனியே தருகின்றன, அப்பொருள்கள் பின்னர் இயைந்து வாக்கியப் பொருளாகின்றன என்றார் 7-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த குமாரில பட்டர். பிரபாகரர் இதை மறுத்தார். பிற சொற்களோடு இயைந்த நிலையில்தான் ஒரு சொல் பொருளே தருகிறது என்பது அவர் கட்சி. அவர்களுக்கு முன்பே பர்த்ருஹரி, வாக்கியமே பிரிவில்லாத அலகு, சொற்கள் நாம் பின்னால் பகுத்துக்கொண்டவை என்று வாக்கியபதீயத்தில் சொல்லியிருந்தார். தமிழிலும் சமயமும் இலக்கணமும் விலகி நிற்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான மாபாடியம் என்ற சைவ உரைநூலை எழுதிய சிவஞான முனிவர்தான் நன்னூல் விருத்தியுரையையும் திருத்தி அமைத்தார்.

என் மனம் பிரபாகரர் பக்கம் சாய்கிறது. அவர் தரப்பினர் காட்டும் சான்று எளியது. 'பசுவைக் கொண்டு வா' என்று பெரியவர் ஒருவர் சொல்ல, இன்னொருவர் கொண்டு வருகிறார், குழந்தை பார்க்கிறது. அடுத்து 'பசுவைக் கட்டு' என்கிறார். பிறகு 'குதிரையைக் கொண்டு வா'. எது மாறியது, எது மாறவில்லை என்று கவனித்தே குழந்தை சொற்களைப் பிரித்தெடுக்கிறது. முதலில் கிடைத்தது முழு வாக்கியம்தான். இந்தச் சான்றைத் தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய பட்டறைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் தமிழ் கற்பது இப்படித்தான். 'ஸ்பேனரை எடு', 'ஸ்பேனரை வை', 'போல்ட்டை எடு' என்று கேட்டுக் கேட்டே அவர்கள் வேலையையும் மொழியையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். சொற்பட்டியலை அவர்களிடம் யாரும் நீட்டுவதில்லை.

இன்னொரு சான்று தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது. 'மேஸ்திரி பையனைத் திட்டிய' என்று கேட்டதும் திட்டியவர் மேஸ்திரி என்றே கொள்கிறோம். 'திட்டிய இடத்தில்' என்று தொடர்ந்தால் அது சரியாகவும் இருக்கும். 'திட்டிய முதலாளியைத் தடுத்தார்' என்று முடிந்தாலோ திட்டியவர் முதலாளி, மேஸ்திரி தடுத்தவர். முன்னால் வந்த சொற்களின் உறவைப் பின்னால் வந்த சொல் மாற்றி அமைத்துவிட்டது. கொரிய மொழியிலும் இதே வரிசைதான்: வினை கடைசியில் வரும், எச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். ஆகவே ஆங்கிலம் கற்கும் கொரியரும் தமிழரும் வாக்கியம் முடியும் வரை முடிச்சைத் தளர்வாகப் பிடித்துப் பழகியவர்கள். செய்யுளில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளம். நன்னூல் எட்டுவகைப் பொருள்கோள் சொல்கிறது. அவற்றுள் கொண்டுகூட்டு, அடிகளில் எங்கெங்கோ கிடக்கும் சொற்களைப் பொருளுக்கேற்ப எடுத்து வந்து இணைப்பது. 

அப்படியானால் முன்பின் கேட்டிராத வாக்கியமும் நமக்கு விளங்குகிறதே, அது தெரிந்த சொற்களால்தானே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. பர்த்ருஹரியின் பிரிவில்லா வாக்கியம் இதற்கு முன் திணறும் என்றே நினைக்கிறேன். பிரபாகரர் திணற வேண்டியதில்லை, ஏனெனில் அவர் சொல்லை இல்லாததாக்கவில்லை. எவற்றோடு இயையக்கூடும் என்ற எதிர்பார்ப்போடுதான் சொல் மனத்தில் பதிகிறது என்கிறார். நம் நூல்கள் ஆகாங்க்ஷை என்பது இந்த எதிர்பார்ப்பையே. குமாரிலரைப் பின்பற்றியவர்களும், வாக்கியப் பொருளைச் சொற்கள் நேரே தருவதில்லை, இலக்கணை என்ற மறைமுக வழியால்தான் உணர்த்துகின்றன என்று சொல்ல வேண்டியதாயிற்று.

காத்திருக்கப் பழகியவர்கள் என்றால் ஆங்கிலத்தில் ஏன் தடுமாற வேண்டும்? காத்திருந்தால் மட்டும் போதாது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். தமிழில் 'ஐ' உருபு ஒட்டியதும் பெயர் தன் வேலையை அறிவித்துவிடும், எங்கே நின்றாலும் சரி. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் இடம்தான் காட்டுகிறது. 'ஓடியது', 'ஓட்டப்பட்ட' என்று நாம் வேறுபடுத்துவதை அங்கே பல வினைகளில் ஒரே வடிவம் சுமக்கிறது. களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்ற பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியத்தை 1970-இல் தாமஸ் பெவர் என்ற உளவியலாளர் எடுத்துக்காட்டினார். 'ஓட்டப்பட்ட' என்று கொள்ள வேண்டியதை 'ஓடியது' என்று கொண்டு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அதில் தடுக்கி விழுந்தார்கள்.

தாய்மொழியாளரே விழும் இடத்தில் தடுக்கிய பிள்ளையிடம் 'உனக்கு வார்த்தையே தெரியலை' என்று சொல்லி இன்னொரு பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பது அநியாயம். 'மேன் என்றால் மனிதன்' என்று உருப்போட்டதே அந்தப் படகு வாக்கியத்தில் அவனை மறித்தது. அந்தச் சொல் வினையாக வரும் நான்கு வாக்கியங்களை முழுதாகக் கேட்டிருந்தால், வினையைத் தேடும்போது அவன் கண் அதன்மேல் தானே விழுந்திருக்கும்.